வெற்றுக் கட்டத்தில் என்ன எழுதுவது? பரிசோதனைத் தரவில் விடுபட்ட அளவுகளைக் கையாளும் முறை

ஏப்ரல், மே மாதங்களில் நங்கநல்லூரில் என் வீட்டு மாடி அறை ஆய்வு மாணவர்களால் நிறைந்துவிடும். கீரைப் பாத்தி, மாத்திரை, கான்கிரீட் கட்டி, இட்லி மாவு என்று ஒவ்வொருவரும் ஒரு தரவோடு வருவார்கள். அந்த அட்டவணைகளில் பெரும்பாலும் ஓரிரு கட்டங்கள் காலியாக இருக்கும். செடி பட்டுப்போயிருக்கும், மாதிரிக் குழாய் உடைந்திருக்கும், மின்சாரம் நின்று இன்குபேட்டர் சூடு இறங்கியிருக்கும். "மேடம், இந்தக் கட்டத்தில் என்ன போடுவது?" என்பதுதான் முதல் கேள்வி.

நான் பதில் சொல்வதற்கு முன் வயல் நோட்டையோ ஆய்வக நோட்டையோ கேட்டு வாங்குவேன். அந்தக் கட்டம் ஏன் காலியானது என்று தெரியாமல் அதில் எதையும் எழுதக் கூடாது. நிரப்பும் சூத்திரத்தைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். காரணத்தை அந்த நாளிலேயே குறித்து வைக்காவிட்டால் பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது.

காலியாகத் தெரியும் கட்டங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஒரு மாணவி களைக்கொல்லிப் பரிசோதனைத் தரவைக் கொண்டுவந்தார். அதிக அளவு தெளித்த பாத்திகளில் பயிர் முழுவதும் கருகிவிட்டதால் விளைச்சல் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார். அவை விடுபட்ட அளவுகளே அல்ல. மருந்துதான் பயிரைக் கொன்றது. விளைச்சல் பூஜ்யம் என்பதே அந்தப் பரிசோதனையின் முடிவு. அதைக் காலியாக விட்டால் மருந்தின் கேட்டை நாமே மறைத்தவர்கள் ஆவோம். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. கூவம் கரையோரக் கீரையில் ஈயத்தின் அளவைப் பார்க்கும்போது, கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்தால் அறிக்கையில் எண் வராது. அங்கே பூஜ்யம் போடுவதும் தவறு, விடுபட்டது என்பதும் தவறு. "இந்த எல்லைக்குக் கீழ்" என்பது ஒரு தகவல். அதை அப்படியே ஏற்றுக் கணக்கிடும் முறைகள் தனியே இருக்கின்றன. எல்லையின் எண்ணையாவது மறக்காமல் குறித்து வையுங்கள்.

தற்செயலாக விடுபட்டது என்று சொல்ல, இழப்புக்கும் அந்த இடத்தில் வந்திருக்கக்கூடிய அளவுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஆய்வக உதவியாளர் கைதவறிக் குழாயைப் போட்டுவிட்டார், பையின் மீதிருந்த எழுத்து மழையில் அழிந்துவிட்டது என்பவை இந்த வகை. இவற்றில் கீழே சொல்லும் கணக்குகளை அச்சமின்றிச் செய்யலாம்.

ஒரு பாத்தி, ஓர் ஆடு

கணக்கைக் கண்முன் வைத்துப் பார்ப்போம். எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. சூழல் மட்டும் மாதவரம் பக்கத்துத் தோட்டங்களில் அடிக்கடி நடப்பது. தண்டுக்கீரைக்கு ஐந்து உரமுறைகள்: உரமற்றது, தொழு உரம், மண்புழு உரம், மண்புழு உரத்துடன் பஞ்சகவ்யம் சேர்த்த கலவை, வேப்பம் புண்ணாக்கு. தோட்டத்தின் மேடு பள்ளத்தைப் பார்த்து நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து முறைகளும் ஒருமுறை வருமாறு சீட்டுக் குலுக்கி அமைத்தது. மாணவர்கள் ஆர்.பி.டி. என்று சொல்லும் சமவாய்ப்புத் தொகுதி அமைப்பு இதுதான். பாத்திக்குக் கிடைத்த விளைச்சல், கிலோவில், மேலே சொன்ன வரிசையிலேயே:

முதல் தொகுதி: 6.2, 6.9, 8.6, 8.1, 8.2
இரண்டாம் தொகுதி: 5.1, 7.1, 7.2, காலி, 7.0
மூன்றாம் தொகுதி: 6.6, 7.9, 7.7, 9.2, 8.0
நான்காம் தொகுதி: 5.7, 6.1, 7.9, 8.2, 6.6

இரண்டாம் தொகுதியில் கலவை இட்ட பாத்தியை அறுவடைக்கு முதல் நாள் ஆடு மேய்ந்துவிட்டது.

பூஜ்யம் போட்டால் கலவையின் சராசரி 6.375 ஆகிவிடும். மூன்று தொகுதிகளில் எட்டுக் கிலோவுக்கு மேல் கொடுத்த உரம், தொழு உரத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆடு தின்ற பழியை உரத்தின் மீது போடுவது எந்த வகையில் நியாயம்? இரண்டாம் தொகுதியையே தூக்கிவிடுவது இன்னொரு வழக்கம். உழைத்து அறுவடை செய்த நான்கு பாத்திகளின் தகவலையும் ஒரு பாத்திக்காக வீசி எறிவதை என்னால் ஏற்கவே முடியாது. கலவையின் மற்ற மூன்று அளவுகளின் சராசரியான 8.5-ஐ அங்கே எழுதுவது பார்வைக்குச் சரியாகத் தோன்றும். ஆனால் அது இரண்டாம் தொகுதி இளைத்த மண் என்பதைக் கண்டுகொள்ளவில்லை.

எவ்வளவு இளைத்த மண்? இரண்டாம் தொகுதியில் மீதமிருக்கும் நான்கு முறைகளின் கூட்டுத்தொகை 26.4, சராசரி 6.6. அதே நான்கு முறைகள் மற்ற மூன்று தொகுதிகளில் தந்தது 86.4, சராசரி 7.2. ஆக இந்தத் தொகுதியில் எந்த உரத்தை இட்டாலும் சராசரியாக 0.6 கிலோ குறைகிறது. கலவை மற்ற இடங்களில் 8.5 தந்தது என்றால் இங்கே 8.5-லிருந்து 0.6 போக 7.9 தந்திருக்கும். இதுதான் நாம் தேடும் மதிப்பீடு. இதைப் புரிந்துகொண்ட பிறகே சூத்திரத்தைத் தொடுங்கள்.

1930-ல் ஆலன், விஷார்ட் என்ற புள்ளியியலாளர்கள் இதற்கான சூத்திரத்தை வெளியிட்டார்கள். தொகுதிகளின் எண்ணிக்கையை, காலி விழுந்த தொகுதியின் கூட்டுத்தொகையால் பெருக்குங்கள். ட்ரீட்மென்ட்களின், அதாவது நம் தரவில் உரமுறைகளின், எண்ணிக்கையை, காலி விழுந்த ட்ரீட்மென்டின் கூட்டுத்தொகையால் பெருக்கி அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தக் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். கிடைப்பதை, தொகுதி எண்ணிக்கையில் ஒன்று குறைத்ததும் ட்ரீட்மென்ட் எண்ணிக்கையில் ஒன்று குறைத்ததும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். நம் தரவில் 4 × 26.4 = 105.6, 5 × 25.5 = 127.5, இரண்டையும் கூட்டி 138.3-ஐக் கழித்தால் 94.8; அதை 3 × 4 = 12-ஆல் வகுத்தால் 7.9. விரல்விட்டுக் கண்ட அதே விடை.

எங்கிருந்து வந்தது இந்தச் சூத்திரம்? தொகுதியாலும் உரத்தாலும் விளக்க முடியாமல் மிஞ்சும் வேறுபாட்டைப் பிழை என்கிறோம். எந்த எண்ணை அங்கே வைத்தால் பிழையின் வர்க்கங்களின் கூடுதல் மிகக் குறைவாக வருமோ அந்த எண்தான் இது என்பதை 1933-ல் புள்ளியியலாளர் ஃபிராங்க் யேட்ஸ் விளக்கினார். அந்த விளக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பிழையை மிகக் குறைக்கும்படி தேர்ந்தெடுத்த எண் என்பதால், அந்தக் கட்டம் பிழைக்கு எதையும் கொடுக்காது. வயலைப் பற்றி நமக்குத் தெரிந்தது இப்போதும் பத்தொன்பது அளவுகளிலிருந்து வந்ததுதான். இருபதாவது எண், கணக்கு ஓடுவதற்காக வைத்த முட்டு.

மாணவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். 7.9-ஐ எழுதிவிட்டு, இருபது அளவுகளும் கையில் இருப்பதுபோல் அனோவா, அதாவது மொத்த வேறுபாட்டைத் தொகுதி, ட்ரீட்மென்ட், பிழை என்று பிரிக்கும் பகுப்பாய்வு, போட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டிய திருத்தங்கள் இரண்டு.

முதலாவது, டி.எஃப். பத்தியில் வரும் கட்டின்மைக் கூறு, அதாவது தனித்து மாறக்கூடிய அளவுகளின் எண்ணிக்கை. விடுபட்ட ஒவ்வோர் அளவுக்கும் மொத்தத்திலிருந்து ஒன்று, பிழையிலிருந்து ஒன்று குறைய வேண்டும். நம் அட்டவணையில் மொத்தம் 19-க்குப் பதில் 18. பிழை 12-க்குப் பதில் 11. பிழையின் வர்க்கங்களின் கூடுதல் 2.812; அதை 11-ஆல் வகுத்தால் சராசரி வர்க்கம் 0.2556.

இரண்டாவது திருத்தத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மதிப்பீட்டை நிரப்பிக் கணக்கிட்ட ட்ரீட்மென்ட் வர்க்கங்களின் கூடுதல், இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக வரும். எவ்வளவு கூடுதல் என்பதையும் கணக்கிடலாம். காலி விழுந்த தொகுதியின் கூட்டுத்தொகையிலிருந்து, ட்ரீட்மென்ட் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து மதிப்பீட்டால் பெருக்கியதைக் கழித்து, வருவதை வர்க்கப்படுத்தி, ட்ரீட்மென்ட் எண்ணிக்கையையும் அதில் ஒன்று குறைத்ததையும் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். நமக்கு 26.4-லிருந்து 4 × 7.9 = 31.6-ஐக் கழித்தால் −5.2, வர்க்கம் 27.04; 20-ஆல் வகுத்தால் 1.352. நிரப்பிய அட்டவணையில் ட்ரீட்மென்டுக்கு வந்த 13.908-லிருந்து இதைக் கழித்தால் 12.556. நான்கு கட்டின்மைக் கூறுகளால் வகுத்து 3.139. இதைப் பிழையின் சராசரி வர்க்கத்தால் வகுத்தால் எஃப் விகிதம் 12.3. இரண்டு திருத்தங்களையும் செய்யாமல் விட்டிருந்தால் 14.8 என்று வந்திருக்கும். இந்தத் தரவில் எப்படிப் பார்த்தாலும் வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் எஃப் மதிப்பு எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் தரவில் இந்த இடைவெளி, இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்ல வைத்துவிடும்.

அடுத்து உரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் கட்டம். கலவையின் சராசரி மூன்று பாத்திகளை நம்பி நிற்கிறது. அதனால் கலவையை வேறொன்றோடு ஒப்பிடும்போது, அந்த வித்தியாசம் எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப் பிழை பெரிதாகும். வழக்கமாக, பிழையின் சராசரி வர்க்கத்தை 2/4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுப்போம், 0.358 வரும். கலவை இடம்பெறும் ஒப்பீட்டில் அந்த 2/4-உடன் 5/(4 × 3 × 4) என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அப்போது 0.393. பதினொரு கட்டின்மைக் கூறுகளுக்கு ஐந்து சதவீத டி மதிப்பு 2.201. திட்டப் பிழையை இதனால் பெருக்கினால் வருவது முக்கிய வேறுபாட்டு எல்லை; சராசரிகளின் இடைவெளி இதைத் தாண்டினால்தான் வேறுபாடு உண்டு என்போம். ஆகவே கலவை இல்லாத ஒப்பீடுகளுக்கு அந்த எல்லை 0.79 கிலோ, கலவைக்கு 0.86. கலவையின் சராசரி 8.35, வேப்பம் புண்ணாக்கு 7.45, இடைவெளி 0.90, எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது. மண்புழு உரம் 7.85, இடைவெளி 0.50, தாண்டவில்லை. பஞ்சகவ்யம் சேர்த்ததால் கூடுதல் பலன் உண்டு என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது. எல்லா ஒப்பீடுகளுக்கும் ஒரே எண்ணை அட்டவணையின் அடியில் போடும் பழக்கத்தை, காலிக் கட்டம் உள்ள தரவில் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஆடு ஏன் அந்தப் பாத்திக்குப் போனது?

மேலே செய்த கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மீது நிற்கிறது: ஆடு எந்தப் பாத்தியை வேண்டுமானாலும் மேய்ந்திருக்கலாம். வேலி அந்தப் பக்கம் அறுந்திருந்தது, அந்தப் பாத்திதான் ஓரத்தில் இருந்தது என்றால் நம்பலாம். ஆனால் நடுவில் இருந்த பாத்திக்கு மற்றவற்றைத் தாண்டிப் போய் மேய்ந்தது என்றால்? தழைத்து நின்ற பாத்தி அது என்பதால்தான் ஆடு தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். அப்படியென்றால் இழந்த அளவு 7.9-ஐவிடப் பெரிது. மற்ற பாத்திகளிலிருந்து கணித்த எந்த எண்ணும் அதைக் காட்டாது.

1976-ல் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் இதைத்தான் ஒழுங்குபடுத்தினார். முற்றிலும் தற்செயலாக விடுபட்டது, நமக்குத் தெரிந்த விவரங்களைப் பொறுத்து விடுபட்டது, விடுபட்ட மதிப்பையே பொறுத்து விடுபட்டது என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது அங்கிருந்து வளர்ந்தது. முதல் இரண்டுக்கும் தொகுதியையும் ட்ரீட்மென்டையும் கணக்கில் சேர்த்த பகுப்பாய்வு போதும். மூன்றாவதைத் தரவை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. தோட்டக்காரரைக் கேட்க வேண்டும், வேலியைப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் முடிவை அசைத்துப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் நடக்கக்கூடிய மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் வைத்துச் சராசரிகளின் வரிசை மாறுகிறதா என்று கவனியுங்கள். நம் தரவில் 5.9-க்கு மேல் எதை வைத்தாலும் கலவைதான் முதலிடம். அந்தத் தொகுதியில் உரமே போடாத பாத்தி 5.1 தந்திருக்கிறது, கலவை 5.9-க்குக் கீழே போயிருக்கும் என்று நினைக்க இடமில்லை. ஆகவே முதலிடம் பற்றிய பேச்சு உறுதியானது. வேப்பம் புண்ணாக்கைவிட மேல் என்பது அவ்வளவு உறுதியல்ல. எல்லையை ஒட்டி நிற்பதால், மதிப்பு சற்றுக் கீழே இருந்தாலும் அது போய்விடும். இரண்டையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.

கணினியில் செய்யும்போது

நிரப்பாமலேயே பகுப்பாய்வு செய்வதுதான் இன்று எளிது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் காலிக் கட்டத்தை, விடுபட்டது என்பதற்கான என்.ஏ. குறியோடு விட்டு, பத்தொன்பது அளவுகளுக்கும் நேரியல் மாதிரியைப் பொருத்தினால் மேலே சொன்ன திருத்தங்கள் அனைத்தும் தாமாக அமைந்துவிடும். ஆனால் வரிசையில் கவனம் வேண்டும். ஆரின் வழக்கமான அனோவா, மாதிரியில் எழுதிய வரிசைப்படி ஒவ்வொன்றாக வர்க்கங்களின் கூடுதலைப் பிரிக்கும். தொகுதியை முதலிலும் ட்ரீட்மென்டை இரண்டாவதாகவும் எழுதினால் ட்ரீட்மென்டுக்கு 12.556 வரும், நாம் கையால் கண்ட அதே எண். மாற்றி எழுதினால் 13.81 வரும், தொகுதியின் ஏற்றத்தாழ்வில் ஒரு பங்கு ட்ரீட்மென்டின் கணக்கில் ஏறிவிட்டது. எல்லாக் கட்டங்களும் நிறைந்த தரவில் இந்த வரிசை எதையும் மாற்றாது என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ட்ரீட்மென்ட் சராசரிகளையும் நேராகக் கூட்டி வகுக்காமல், ஆரின் எம்மீன்ஸ் தொகுப்பின் வழியாக, தொகுதி வேறுபாட்டுக்குச் சரிசெய்த சராசரிகளாக எடுங்கள். கலவைக்கு 8.5 வராமல் 8.35 வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

நிறைந்த அட்டவணையை மட்டுமே ஏற்கும் பழைய மென்பொருள்தான் கல்லூரியில் இருக்கிறது என்றால், 1937-ல் புள்ளியியலாளர் பார்ட்லெட் சொன்ன வழி உதவும். காலிக் கட்டத்தில் பூஜ்யம் வையுங்கள். கூடவே ஒரு புதிய பத்தியைச் சேர்த்து, அந்தக் கட்டத்துக்கு மட்டும் 1, மற்ற எல்லாவற்றுக்கும் 0 கொடுத்து, அதைத் துணைமாறியாக, அதாவது கூடவே கணக்கில் சேரும் அளவாக, வைத்து அன்கோவா (துணைமாறியையும் சேர்த்த அனோவா) செய்யுங்கள். துணைமாறியின் கெழு −7.9 என்று வரும்; குறியை மாற்றினால் மதிப்பீடு. கட்டின்மைக் கூறும் தானே ஒன்று குறைந்திருக்கும். உண்மையில் விடுபட்ட கட்டத்தில் பூஜ்யம் வைப்பது சரியாக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொகுதியே இல்லாத முழுச் சமவாய்ப்பு அமைப்பில் எதையும் நிரப்ப வேண்டாம். ஒவ்வொரு ட்ரீட்மென்டுக்கும் மீதமுள்ள அளவுகளின் எண்ணிக்கை சமமாக இல்லை என்று ஏற்று, அப்படியே கணக்கிட்டால் போதும். ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் ஒவ்வொரு ட்ரீட்மென்டும் ஒருமுறை வரும் லத்தீன் சதுரத்தில் ஓர் அளவு போனால், அதன் நிரை, நிரல், ட்ரீட்மென்ட் கூட்டுத்தொகைகள் மூன்றையும் கூட்டிச் சதுரத்தின் அளவால் பெருக்கி, மொத்தத்தின் இருமடங்கைக் கழித்து, அளவில் ஒன்று குறைத்ததும் இரண்டு குறைத்ததும் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். ஒரு முழுத் தொகுதியே அழிந்துவிட்டால் அதை விட்டுவிட்டு மீதியைப் பகுத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் தொட்டிகளை வைத்திருந்தவர்களுக்கு நான் சொன்னதும் அதைத்தான். இரண்டு மூன்று கட்டங்கள் சிதறிக் காலியாக இருந்தால், ஒன்றுக்கு ஊக மதிப்பு வைத்து மற்றதை மதிப்பிட்டு, அதை வைத்து முதலாவதைத் திருத்தி, எண்கள் அசையாமல் நிற்கும் வரை சுற்றிச் சுற்றிச் செய்யலாம்; கணினி இருக்கும்போது அந்த உழைப்பு தேவையில்லை.

பெரிய பாத்தியைச் சிறு பாத்திகளாகப் பிரிக்கும் பிளவுப் பாத்தி அமைப்பிலும், நடுவர் வராத சுவைச் சோதனையிலும், ஒரே செடியைப் பலமுறை அளக்கும் ஆய்விலும் காலிக் கட்டம் விழுந்தால் கலப்பு மாதிரிக்குப் போய்விடுங்கள். அதில் நிலையான விளைவுகளோடு தற்செயல் விளைவுகளும் சேர்ந்திருக்கும். தொகுதியைத் தற்செயல் விளைவாகக் கொண்டு, அதற்கென மென்பொருள்களில் உள்ள ரெம்ல் என்ற மதிப்பீட்டு முறையில் மதிப்பிட்டால் மீதமுள்ள தகவல் வீணாகாது. காலிக் கட்டத்தை வெவ்வேறு மதிப்புகளால் பலமுறை நிரப்பி முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் பல்முறை நிரப்பலைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். விளைச்சல் போன்ற விளைவு மட்டும் விடுபட்டு, எந்தப் பாத்தியில் எந்த உரம் என்பது முழுவதும் தெரிந்திருக்கும் பரிசோதனையில் அதனால் பெரிய லாபம் இல்லை. மண் கார்பன் போன்ற துணைமாறியின் அளவுகள் விடுபட்டிருந்தால் அது பயன்படும்.

நட்டதும் செய்ய வேண்டியவை சில உண்டு. அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஐப்பசி மழையைத் தாங்காது. அரைத்த மாதிரியில் ஒரு பகுதியைத் தனிக் குப்பியில் எடுத்து வேறொரு குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு பாத்தி கெட்ட அன்றே நேரம், காரணம், பார்த்தவர் யார், பக்கத்துப் பாத்திகளின் நிலை ஆகியவற்றை நோட்டில் எழுதிக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

ஆய்வேட்டில் முறைகள் பகுதியில் இப்படி எழுதலாம்: "இருபது பாத்திகளில் ஒன்று (இரண்டாம் தொகுதி, கலவை உரம்) அறுவடைக்கு முதல் நாள் கால்நடை மேய்ச்சலால் இழக்கப்பட்டது. அப்பாத்தி வேலி அறுந்த ஓரத்தில் இருந்தது. மீதமுள்ள 19 அளவுகளுக்குத் தொகுதி, உரமுறை ஆகியவற்றைக் கொண்ட நேரியல் மாதிரி பொருத்தப்பட்டது. பிழையின் கட்டின்மைக் கூறுகள் 11. கலவை உரம் இடம்பெறும் ஒப்பீடுகளுக்குத் திட்டப் பிழை தனியே தரப்பட்டுள்ளது." முடிவுகள் அட்டவணையில் 7.9-ஐ அளந்த எண்ணைப்போல் அச்சிடாதீர்கள். ஒரு கோடு போட்டு, அடிக்குறிப்பில் மதிப்பீடு என்று சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தக் கோட்டைத்தான் சுட்டிக்காட்டிக் கேட்பார். அப்போது வயல் நோட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள்.